உதவி பெறாதது

போன மாதம் தம்பி மகன் தன் பெண்ணைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க சத்துவாச்சாரிக்குக் கிளம்பினான். நானும் கூடப் போனேன். பெரிய இரும்புக் கதவு, அதன் மேல் பொன் நிறத்தில் எழுத்து. பள்ளியின் பெயருக்குக் கீழே 'அரசு உதவி பெறாதது' என்று போட்டிருந்தது. வெளியே வரிசை. உள்ளே மேசைக்குப் பின்னால் இருந்த பெண் தலையை நிமிர்த்தி, "நாங்க அனெய்டட்மா. ஸ்டாண்டர்டு அப்படி இருக்கும்" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தம்பி மகன் என் முழங்கையைப் பிடித்து வெளியே அழைத்து வந்து பெஞ்சில் உட்காரவைத்தான்.

என்னோடு ஒத்த வயசுள்ளவர்கள் யாராவது இதைப் படித்தால் நான் ஏன் சிரித்தேன் என்பது புரியும். அந்த வார்த்தையை வரிசையில் நின்று வாங்குகிற காலம் வரும் என்று நாம் நினைத்ததில்லை. நமக்கு அது ஓடி ஒளிகிற வார்த்தையாக இருந்தது.

நான் படித்தது நாலாவது முழுசும் ஐந்தாவதில் கொஞ்சமும். அதற்குப் பிறகு கோலார், பம்பாய், பட்டணம், ராணிப்பேட்டை என்று எங்கே கூலி கிடைத்ததோ அங்கே போனேன். ஓர் ஊரில் மூன்று மழைக்காலம் சேர்ந்தாற்போல் இருந்ததில்லை. ஆனால் அந்த ஐந்தாவது வகுப்பு எப்படி நின்றது என்பது மட்டும் எல்லா ஊருக்கும் என்னோடு வந்தது.

ஆம்பூருக்கும் வாணியம்பாடிக்கும் இடையில் எங்கள் ஊர். பாலாற்று மணல் ஒருபக்கம், தோல் ஷாப்புகள் ஒருபக்கம். தோல் பதனிடும் இடத்தை நாங்கள் ஷாப்பு என்றுதான் சொல்வோம். அப்பா சுண்ணாம்புக் குழியில் இறங்கி வேலை செய்தார். அம்மா மயிர்க் கொட்டகையில் இருந்தாள். சுண்ணாம்பில் ஊறி வந்த ஆட்டுத் தோலில் மயிரைச் சுரண்டி, அதைக் கழுவிக் காயவைப்பது பெண்களின் வேலை. அந்த வேலைக்குப் போன பெண்களின் விரல் நுனியில் ரேகை இருக்காது.

ஷாப்பு முதலாளி சாயபு. அவர்தான் பள்ளிக்கூடமும் வைத்திருந்தார். தோல் பதனிட வரும் ஆவாரம்பட்டையை அடுக்கும் மண்டியில் பாதியைத் தடுத்து, வேலையாட்களின் பிள்ளைகளுக்கு என்று விட்டிருந்தார். தடுப்புக்கு அந்தப் பக்கம் பட்டை மூட்டை, இந்தப் பக்கம் நாங்கள். பட்டைத் தூள் சிவப்பாகப் பறந்துகொண்டே இருக்கும். பலகையில் எழுதினால் எழுத்து சிவக்கும். தும்மினால் மூக்கும் சிவக்கும். வாத்தியாரின் வெள்ளை வேட்டி சாயங்காலத்தில் காவி வேட்டியாகிவிடும். "சாமியாராப் போய்ட்டேன் பாரு" என்பார். ஒரே வாத்தியார்தான். பெண்டாட்டி பிள்ளை திருப்பத்தூரில் இருந்தார்கள். அவர் மண்டியிலேயே சமைத்து, மண்டியிலேயே தூங்கினார்.

வாசலில் ஒரு பலகை. ஆரம்பப் பாடசாலை என்று எழுதி, அதன் அடியில் 'சர்க்கார் உதவி பெறாதது' என்று போட்டிருந்தது. இங்கிலீஷில் 'அனெய்டட்' என்றும் இருந்தது. முன்பு வந்துபோன ஓர் அதிகாரி அப்படிப் போடச் சொன்னாராம். வாய்க்காலுக்கு அக்கரையில் இருந்த பள்ளிக்கூடத்துக்கு கிராண்ட் வந்தது. அதாவது, வாத்தியார்மார் சம்பளத்துக்கு சர்க்கார் பணம் கொடுத்தது. அங்கே ஓட்டுக்கூரை, மணி, நாலு வாத்தியார். அந்தப் பிள்ளைகள் வாய்க்கால் கரையில் நின்று, "அனெய்டட் வருது, மூக்க மூடு!" என்று கத்துவார்கள்.

வார்த்தை எப்படித்தான் பரவுமோ, ஊர் முழுக்க அது ஒட்டிக்கொண்டது. மழையில் நனைந்துகொண்டு நிற்கும் கழுதையைப் பார்த்தால் "பாவம், அனெய்டட்" என்பார்கள். கல்யாணப் பந்தியில் யாரும் கவனிக்காத கிழவர், "டேய், இந்த எலை அனெய்டட்டாக் கெடக்குது, குழம்பு கொண்டாங்கடா" என்று கூப்பிடுவார். புருஷன் ஓடிப்போன பெண்ணுக்கும் அந்தப் பெயர்தான். அவள் காதுபடவே சொல்வார்கள்.

ஒருநாள் எங்கள் வகுப்பில் ஒருத்தி எழுந்து கேட்டாள். "சார், உதவி பெறாததுன்னா இன்னா? நாம கேட்டு அவங்க குடுக்கலையா? இல்ல, நாம கேக்கவே இல்லியா?"

வாத்தியார் சாக்குக்கட்டியை உள்ளங்கையில் உருட்டிக்கொண்டு நின்றார்.

"ரெண்டுத்துக்கும் ஒரே வார்த்தைதான். ஒக்காரு."

அந்த வருஷம் தோல் விலை விழுந்தது. சீமைக்குப் போக வேண்டிய தோல் கட்டுக் கட்டாகக் கொட்டகையிலேயே கிடந்தது. பூச்சி விழாமல் இருக்க அதைத் திரும்பத் திரும்பப் பிரித்து உதறிக் கட்டுவதே ஒரு வேலையாகிவிட்டது. அடுத்த தெரு ஷாப்பு ஒன்று மூடியது. அந்த ஆட்கள் காலையில் வந்து எங்கள் ஷாப்பு வாசலில் குந்தியிருப்பார்கள். வாத்தியாருக்குச் சம்பளத்துக்குப் பதில் அரிசி வந்தது. பிறகு அரிசியும் நொய்யாக மாறியது. அவர் முதலாளியிடம் சொல்லி, கிராண்ட் கேட்டு விண்ணப்பம் போட்டார். டெபுடி இன்ஸ்பெக்டர் நேரில் வந்து பள்ளிக்கூடத்தைப் பார்த்து எழுதினால் கிடைக்கும். கிடைக்காவிட்டால் நோன்புப் பெருநாள் லீவோடு பள்ளிக்கூடம் மூடப்படும் என்று எங்களிடமே சொல்லிவிட்டார்.

அன்றைக்கு ராத்திரி சோறு போடும்போது அம்மாவிடம் சொன்னேன்.

"இஸ்கூலு இருக்கற வரிக்கும் போ. நான் தடுக்கல," என்றாள். "பூட்டிட்டாங்கன்னா மறுநா காலைல எங்கூட வந்துடணும். சும்மா ஒக்கார வெச்சி சோறு போட முடியாது."

அம்மா சோற்றைப் பிசையும் விரலையே நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அதிலிருந்து டெபுடி வரும் நாளை எண்ணிக்கொண்டிருந்தேன். வகுப்பில் நான் கணக்கில் முதல். என் கணக்கைக் கேட்டு அவர் எழுதிவிடுவார் என்று ஒரு நினைப்பு. கழுவப் போகிற பாத்திரத்திடமெல்லாம் வாய்ப்பாடு சொன்னேன்.

முதலாளி பள்ளிக்கூடத்துக்கு வந்தால் செருப்பை வெளியே விட்டுவிட்டுத்தான் வருவார். உயரமான ஆள், மருதாணி பூசிய தாடி. வந்தவர் மண்டியைச் சுற்றிப் பார்த்தார்.

"வாத்தியாரே, டெபுடி எங்க ஒக்காருவாரு?"

"என் நாற்காலியிலதான் மொதலாளி."

"அதுக்கு மூணு கால்தானே இருக்குது."

"நாலாவதுக்கு செங்கல் வெச்சிருக்கேன்."

"ஒன் தமாஷ் கெடக்கட்டும். ஜமுக்காளம், மேசை, சாப்பாடு எல்லாம் நான் பாத்துக்கறேன். புள்ளைங்க துணி இன்னா இப்படிக் கீது?"

வாத்தியார் குரலைத் தாழ்த்தினார். ஆனால் மண்டியில் எந்தக் குரலும் தாழாது. "மொதலாளி, கோச்சுக்கக் கூடாது. அவரு நம்மகிட்ட இல்லாததப் பாக்கத்தான் வர்றாரு. செங்கல்லப் பாக்கட்டும். ஒழுவுற கூரையப் பாக்கட்டும். புள்ளைங்க கிழிசலப் பாக்கட்டும். அப்பதான் எழுதுவாரு."

"மெஹ்மானுக்கு ஓட்டையக் காட்டச் சொல்றியா?"

"அவரு விருந்தாளி இல்ல, அதிகாரி."

"வாசப்படியத் தாண்டி உள்ள வந்தா மெஹ்மான்தான். அப்புறம் இன்னா அதிகாரி?"

எங்கள் ஊர் சாயபுமார் தெருவில் ஒரு வழக்கம். ஒரு வீட்டுக்கு வெளியூர் விருந்தாளி வந்தால், புழக்கடை வழியாக அந்தத் தெருவின் தட்டு, தம்ளர், சமுக்காளம், தலையணை எல்லாம் அந்த வீட்டுக்கு வந்துவிடும். கேட்க வேண்டியதில்லை. யாருடையது என்று ஒருவரும் சொல்ல மாட்டார்கள். திருப்பும்போது பாத்திரத்தை வெறுமையாக அனுப்ப மாட்டார்கள், ஒரு பிடி இனிப்பாவது இருக்கும். அது பொய் அல்ல, கடனும் அல்ல. அன்றைக்கு அந்தத் தெருவுக்கு அது ஒன்றுதான் வீடு. முதலாளி அந்த வழக்கத்தைப் பள்ளிக்கூடத்துக்கும் கொண்டுவந்துவிட்டார்.

டெபுடி வருகிற காலையில் எங்களுக்கு உடுப்பு வந்தது. எனக்கு முதலாளி மகளின் பச்சைப் பட்டுப் பாவாடை. இடுப்பு பெரிசாக இருந்தது; ஊக்கு போட்டு இறுக்கினார்கள். துணியை மூட்டையிலிருந்து எடுத்தபோது வந்த அத்தர் வாசனையை இன்றைக்கும் மூக்கு நினைக்கிறது. மயிர்க் கொட்டகையிலிருந்து எட்டிப் பார்த்த அம்மா, "கறை கிறை பட்டுச்சி, நம்ம தோல உரிச்சித்தான் குடுக்கணும், பாத்துக்கோ" என்றாள். கூட இருந்த பெண்கள் சிரித்தார்கள். பாவாடையைத் தொடாமல் கையைத் தூக்கிக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

மண்டி அடையாளம் தெரியாமல் மாறியிருந்தது. சிவப்புச் சமுக்காளம், நாலு காலும் உள்ள நாற்காலிகள், மேசை மேல் பீங்கான் ஜாடி. பட்டை மூட்டைகளை ஒரு பூப்போட்ட திரை மறைத்திருந்தது. வெளியே பிரியாணி அண்டா அடுப்பில் ஏறியிருந்தது. வாத்தியார் மட்டும் தன் காவி வேட்டியில் இருந்தார். கொடுத்த கோட்டைப் போட்டுக்கொள்ளவில்லை.

ரயில் சத்தம் கேட்டுக் கொஞ்ச நேரத்தில் முதலாளியின் ஆள் ஒருவன் மூச்சிரைக்க ஓடிவந்தான். முதலாளி காதில் ஏதோ சொன்னான். அவர் முகம் போன போக்கை நான் பார்த்தேன். டெபுடி வந்த அதே ரயிலில் பட்டணத்து ஏஜெண்டும் வந்து இறங்கியிருக்கிறார். தோலை வாங்கி சீமைக்கு அனுப்புவது அவர். தோல் போவதற்கு முன்பே முன்பணம் கொடுப்பதும் அவர்தான். சொல்லாமல் கொள்ளாமல், தோல் எப்படி இருக்கிறது என்று பார்க்க வந்துவிட்டார். இரண்டு விருந்தாளிகளில் ஒருவரை விட்டுவிட்டு இன்னொருவரை உட்காரவைக்க முதலாளியால் முடியாது. இருவரையும் அழைத்து வந்தார்.

டெபுடி ஒல்லியான மனிதர். தலைப்பாகை, கக்கத்தில் குடை. ஏஜெண்டு பருத்தவர். சட்டையில் தங்கப் பொத்தான், வாய் நிறைய வெற்றிலை.

"இன்னா சாயபு, ஊரெல்லாம் அழுதுகினு கீது, நீ இஸ்கூலு நடத்தி விருந்து வெக்கற?" என்றார் ஏஜெண்டு.

"அல்லா குடுக்கறாரு. நாம பிரிச்சுப் போடறோம்," என்றார் முதலாளி.

டெபுடி எங்களைக் கேள்வி கேட்டார். ஒருவன் பாட்டை மறந்தான். ஒருத்தி காவேரி எங்கே பிறக்கிறது என்பதற்கு மேட்டூர் என்றாள். என் முறை வந்தது. கணக்கு. முதலாவதைச் சொன்னேன். இரண்டாவதையும் சொன்னேன். மூன்றாவதைக் கேட்காமல், "கிட்ட வாம்மா" என்றார்.

போனேன். பாவாடையைப் பார்த்தார். பிறகு என் கையைப் பிடித்து உள்ளங்கையைத் திருப்பினார். சனி ஞாயிறில் பட்டை இடிக்கப் போனதால் ஏறிய கறை அது. எத்தனை தேய்த்தாலும் போகாது.

"பாவாடை பட்டு. கை ஏம்மா இப்படி இருக்கு?"

நான் வாத்தியாரைப் பார்த்தேன். அவர் கண் 'சொல்லு' என்றது. முதலாளியைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை; ஏஜெண்டின் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு காலடிச் சமுக்காளத்தைப் பார்த்தேன். டெபுடி என் கையை மெதுவாக விட்டார்.

"போதும், உக்காரு" என்று சொல்லிவிட்டு எழுந்து போய் அந்தப் பூப்போட்ட திரையை விரல் நுனியால் விலக்கிப் பார்த்தார். மூட்டைகளைப் பார்த்தார். கூரையைப் பார்த்தார். திரும்பி வந்து உட்கார்ந்தபோது அவர் குரல் வேறு மாதிரி இருந்தது. காகிதத்தில் பள்ளிக்கூடத்தின் மேனேஜர் முதலாளிதான்.

"மேனேஜர்வாள், நான் எல்லாம் பார்த்தாச்சு. விரிப்பு நல்லா இருக்கு. விரிப்புக்கு அடியிலயும் பார்த்தேன். நான் சிபாரிசு பண்ணி எழுதறேன். கிராண்ட் வரும்."

வாத்தியார் தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். எனக்குப் பக்கத்தில் இருந்தவள் என் தொடையைக் கிள்ளினாள்.

"ஒரே ஒரு கையெழுத்து," என்று டெபுடி ஒரு தாளை மேசையில் வைத்தார். "சட்டப்படி மேனேஜருக்குப் படிச்சுச் சொல்லணும்." படித்தார். சர்க்கார் உதவி இல்லாமல் இந்தப் பாடசாலையை நடத்த எனக்கு வசதி இல்லை என்று அறிவிக்கிறேன். ஏறக்குறைய அப்படித்தான் இருந்தது. பள்ளிக்கூடத்தில் படிப்பதுபோல் நிறுத்தி நிறுத்திப் படித்தார்.

ஏஜெண்டு வெற்றிலை மெல்லுவதை நிறுத்தினார்.



"அந்த வார்த்தைய வேற மாதிரி போட முடியாதா?" என்றார் முதலாளி.

"அச்சடிச்சது. நான் மாத்த முடியாது."

"இப்ப வேணாம்னா, நாளைக்கு ஆபீசுக்கு வந்து போட்டா?"

"மேனேஜர்வாள், என் முன்னால, பள்ளிக்கூடத்துல போடணும். இன்னிக்குப் போடலேன்னா இந்த வருஷத்துக்கு இல்லை."

ஏஜெண்டு சிரித்தார். "இன்னா சாயபு, நெலம அவ்ளோ மோசமா? என்கிட்ட ஒரு வார்த்த சொல்லலியே."

வாத்தியார் பேனாவை மையில் தொட்டு நீட்டினார். நீட்டிய வேகத்தில் சமுக்காளத்தில் ஒரு சொட்டு விழுந்தது. யார் வீட்டுச் சமுக்காளமோ. "மொதலாளி, போட்டுடுங்க. புள்ளைங்களுக்காக." அந்தக் கெஞ்சலை அதற்கு முன்பு அவர் வாயில் நாங்கள் கேட்டதில்லை.

முதலாளி எங்கள் பக்கம் திரும்பினார். வரிசையாக ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். என்னிடம் வந்தபோது ஒரு நொடி நின்றார். அவர் மகளின் பாவாடை என்பதால் என்று நினைத்தேன். பிறகு சிரித்தார். பெரிய சிரிப்பு, மண்டி முழுக்க எதிரொலித்தது.

"வாத்தியாரே, பேனாவ மூடு. நம்ம ஷாப்புப் புள்ளைங்க படிக்கறதுக்கு நான் சர்க்கார் வாசல்ல போய் நிக்கணுமா? ஐயா, உங்கள சாப்புடக் கூப்ட்டேன், அவ்ளோதான். இந்த வாத்தியாரு ஏதோ எழுதிப் போட்டுட்டாரு, பேஜார் பண்றாரு."

டெபுடி அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்போ நான் என்னன்னு எழுதட்டும்?"

"வெளிய போர்டுல இன்னா இருக்குதோ அதயே எழுதுங்க."

டெபுடி தாளை மடித்தார். வயிறு சரியில்லை என்று சொல்லி, ஒரு தம்ளர் தண்ணீர் மட்டும் வாங்கிக் குடித்துவிட்டு, வெயிலில் குடையை விரித்துக்கொண்டு ஸ்டேஷனுக்கு நடந்தார். ஏஜெண்டு உட்கார்ந்து நன்றாகச் சாப்பிட்டார். எங்களுக்கும் இலை போட்டார்கள். பாவாடையில் படாமல், முன்னால் குனிந்து குனிந்து சாப்பிட்டேன். அப்படி ஒரு பிரியாணியை அதற்கு முன்பு தின்றதில்லை. பள்ளிக்கூடம் போய்விட்டது என்று தெரிந்துகொண்டேதான் இரண்டாம் தடவையும் வாங்கினேன். வாத்தியார் சாப்பிடவில்லை. மூட்டைகளுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டார்.

ஊர் முதலாளியைத் தூற்றியது. "பெரிய மனுசன் கொழுப்பு" என்றார் அப்பா. "அவரு பொண்ணா மயிர் சொரண்டப் போவுது?" வாத்தியார் அதற்குமேல் முதலாளி முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. பெருநாள் லீவில் தகரப் பெட்டியோடு திருப்பத்தூருக்குப் போனவர் திரும்பவில்லை. தடுப்பை எடுத்துவிட்டு அந்த இடத்திலும் பட்டை அடுக்கினார்கள். மற்ற பிள்ளைகளில் சிலரை அக்கரைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தார்கள். சேரிப் பிள்ளைகளான எங்களை அங்கே சேர்க்கவில்லை. ஏன் என்று கேட்கிற வழக்கம் அப்போது எங்கள் பக்கம் இல்லை.

பல வருஷம் கழித்து, பட்டணத்தில் பெரியமேட்டுத் தோல் கிடங்கு ஒன்றில் கட்டுப் பிரிக்கும் வேலை செய்தேன். அங்கேதான் ஏஜெண்டுகளின் பேச்சைக் காது கொடுத்துக் கேட்டேன். "அவன் கை நீட்றான்" என்று ஒருவன் வெற்றிலையைத் துப்பிக்கொண்டே சொன்னால் போதும். அந்த ஆளுக்கு மறுவாரம் முன்பணம் போகாது. முன்பணம் போகாவிட்டால் பச்சைத் தோல் வாங்க முடியாது, குழி காயும், ஷாப்பு மூடும். தோல் வியாபாரம் முழுக்க ஒருவன் நிலைமை நன்றாக இருக்கிறது என்று இன்னொருவன் நம்புவதில் நடந்தது. சொந்தச் செலவில் பள்ளிக்கூடம் நடத்துகிறான் என்பது எங்கள் முதலாளிக்கு வங்கியில் கிடக்கும் பணத்தைவிடப் பெரிதாக இருந்திருக்க வேண்டும். அந்தத் தாளில் ஏஜெண்டு கண்ணெதிரே பேனா பட்டிருந்தால் பள்ளிக்கூடம் பிழைத்திருக்கும், ஷாப்பு மூடியிருக்கும். அப்பாவும் அம்மாவும் அடுத்த தெரு ஆட்களோடு வாசலில் குந்தியிருப்பார்கள். அந்த வருஷம் எங்கள் வரிசையில் மூடாத ஷாப்பு அது ஒன்றுதான். இதைத் தெரிந்துகொண்டபோது சொல்வதற்கு அப்பா இல்லை. வாத்தியார் எங்கே இருந்தார் என்றும் தெரியாது. அதனால் முதலாளி செய்தது சரியென்று நான் சொல்ல வரவில்லை. என் ஐந்தாவது வகுப்பு போனது போனதுதான்.

அம்மா சொன்னபடியே பெருநாள் லீவு முடிந்த காலையில் என்னைக் கூட்டிப்போனாள். முதல் நாள் விரல் வெந்தது. இரண்டாம் நாள் தோல் உரிந்தது. "பழகிடும்" என்றாள் அம்மா. பழகிக்கொண்டிருந்தபோதுதான் ஒரு காலை முதலாளி சுற்றிப் பார்க்க வந்தார். தினமும் அந்த வழியாகத்தான் குழிகளுக்குப் போவார். ஒவ்வொருத்தியிடமும் ஒரு சத்தம் போட்டுக்கொண்டே போவது அவர் வழக்கம். என்னிடம் வந்ததும் நின்றார். நான் எழுந்தேன். கையில் ஈர மயிர் ஒட்டியிருந்தது. ஏதோ கேட்க வாயைத் திறந்தார். திட்டப்போகிறார் என்று அம்மா வேகமாகச் சுரண்டினாள். அவர் வாயை மூடிக்கொண்டு வந்த வழியே திரும்பிப் போனார்.

அதற்குப் பிறகு அவர் மயிர்க் கொட்டகைக்குள் வரவில்லை. குழிகளுக்குப் போக வேண்டுமானால் பட்டை மண்டியைச் சுற்றிக்கொண்டு, வெயிலில், சுவரோரமாக நீளமான வழியில் போவார். ஓலைத் தட்டி இடுக்கில் அவருடைய வெள்ளைத் தொப்பி மட்டும் நகர்வது தெரியும்.

"பாத்தியா," என்றாள் ஒருத்தி. "மொதலாளிக்கு நம்ம நாத்தம் ஒத்துக்கல."

அம்மா உட்பட எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவர் பிறந்ததே அந்த நாற்றத்தில்தான் என்பது எங்களில் யாருக்கும் தோன்றவில்லை.